முழங்காலில் ஊன்றிய துப்பாக்கி

வான்கோழிக்கு மோப்பம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். மான் வேட்டைக்குப் போகிறவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குள் காலெடுத்து வைப்பார். வான்கோழிக்குப் போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. மூக்கில் விட்டதை அந்தப் பறவை கண்ணில் பிடித்துவிடுகிறது. தலையின் இருபுறமும் அமைந்த கண்கள். கழுத்தைச் சற்றே திருப்பினால் போதும், சுற்றுவட்டம் முழுவதும் பார்வைக்குள் வந்துவிடும். நிறங்கள் தெரியும். புற ஊதா ஒளியும் ஓரளவு தெரியும் என்பதால், வெண்மை பளிச்சிடவைக்கும் சலவைத்தூளில் வேட்டைச் சட்டையைத் துவைக்காதே என்பார்கள் இங்குள்ள பழையவர்கள். எல்லாவற்றையும்விட அதற்கு நன்றாகத் தெரிவது அசைவு. நாற்பது கஜத்துக்கு அப்பால் நீங்கள் கட்டைவிரலை நகர்த்தினால் அது நின்றுவிடும். மானாக இருந்தால் சந்தேகப்படும், தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்கும், காலால் தரையை உதைக்கும். வான்கோழி அப்படியெல்லாம் நேரத்தை வீணாக்காது, போய்விடும்.

அதனால்தான், வான்கோழிக்கு எந்தத் துப்பாக்கி நல்லது, வில்லா துப்பாக்கியா என்று யார் கேட்டாலும், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் அசையாமல் உட்கார முடியும் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதெல்லாம் அப்புறம். கடைகளில் பேச்சு இதற்கு நேர் எதிராக ஓடும். முதலில் வலு, பிறகு தூரம், பிறகு விலை. உட்காரப்போகிறவனின் தோளையும் முழங்காலையும் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

நான் போவது மிசௌரி மாநிலத்தின் தெற்கே, ஓசார்க் மலைகளில். ஓக்கும் ஹிக்கரியும் அடர்ந்த மேடுகள், நடுநடுவே மாட்டுப் புல்வெளிகள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல் வனத்துறையின் வழக்குப் பதிவில்தான் வரும். அந்த மண்ணில் வளர்ந்தவனுக்குத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போவது முதலில் கூச்சமாகவே இருந்தது. இங்கே கணக்கு வேறு. காடழிப்பும் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதும் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டு வான்கோழி பல மாநிலங்களில் அற்றே போயிருந்தது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரியைக் காட்டுயிர் மீட்புக்கென்று ஒதுக்கியது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு. வில் அம்புகளும் பின்னால் அந்த வரிக்குள் வந்தன. மிசௌரியில் பெக் ராஞ்ச் காப்பகத்தில் எஞ்சியிருந்த பறவைகளை 1950களில் வலை வீசிப் பிடித்து மற்ற மாவட்டங்களில் கொண்டுபோய் விட்டார்கள். 1960இல் வசந்தகால வேட்டையை மறுபடி திறந்தார்கள். இன்று நாடு முழுவதும் அறுபது லட்சம் பறவைகள் இருக்கும் என்கிறார்கள். சில இடங்களில் அண்மை ஆண்டுகளாகக் குறைந்தும் வருகின்றன. இங்கே வசந்தத்தில் ஒருவருக்கு இரண்டு பறவைதான் அனுமதி. அதுவும் சேவல், அல்லது நெஞ்சில் மயிர்க்கற்றை தொங்குவது. அந்தக் கற்றையைத் தாடி என்பார்கள். எப்போதாவது ஒரு பெட்டைக்கும் அது முளைத்துவிடும்.

வேட்டை நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் ஆயுதப் பேச்சு புரியும். விடியுமுன் போய், தோளைவிட அகலமான ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். முதுகு மறைவது ஒரு காரணம். வேறொரு வேட்டைக்காரன் பின்னாலிருந்து தவறிச் சுட்டுவிடாதிருப்பது இன்னொரு காரணம். சேவலின் தலையில் உள்ள சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்று நிறங்களையும் உடுப்பில் தவிர்ப்பதும் அதற்காகத்தான். மரக்கிளையில் உறங்கிய சேவல் விடியலில் கொளகொளவென்று முழங்கும். நீங்கள் பெட்டையைப் போலக் குரல் கொடுக்கிறீர்கள். மரப்பெட்டியின் மூடியை உரசியோ, சிலேட்டுக் கல்லில் குச்சியைத் தேய்த்தோ, நாக்கின் மேல் வைத்த ரப்பர் சவ்வை ஊதியோ அந்தக் குரல் வரும். சேவல் வர வேண்டும். ஆனால் அதன் உலகத்தில் சேவல் முழங்கும், பெட்டைதான் தேடிப் போகும். நாம் அந்த வழக்கத்தை மாற்றச் சொல்கிறோம். அதனால் அது அறுபது கஜத்தில் வந்து நின்று, வாலை விசிறியாக விரித்து, இறக்கைகளைத் தரையில் உரசிக்கொண்டு, 'நீ வா' என்று காத்திருக்கும். பத்து நிமிடம் நிற்கலாம், அரைமணி நேரமும் நிற்கலாம். அவ்வளவு நேரமும் துப்பாக்கி உங்கள் இடது முழங்கால் மேல், அடிக்கட்டை தோளில், கன்னம் அதன்மேல். கையை இறக்கி ஓய்வெடுக்கலாம் என்று நினைத்தால் அன்றைய வேட்டை அத்தோடு சரி.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் இருந்தது ரெமிங்டன் 870, 12 கேஜ் பம்ப். 1950இல் வந்த வடிவம், இன்றும் இந்தப் பக்கத்து வீடுகளில் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. கேஜ் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஒன்று சரியாக நுழைகிற குழல் 12 கேஜ். இருபதாக்கினால் 20 கேஜ். எண் கூடக் கூடக் குழல் குறுகும். .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது குழல் விட்டத்தை அங்குலத்தில் சொல்வது.

பெரியவரின் காலத்தில் 12 கேஜைத் தவிர வேறு யோசனைக்கே இடமில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. வான்கோழியை உடம்பில் சுடுவதில்லை. தடித்த இறகும் நெஞ்சுத் தசையும் ரவையைத் தாங்கிக்கொள்ளும், அடிபட்ட பறவை ஓடிப்போய் எங்கோ சாகும். சுட வேண்டியது தலையும் கழுத்தெலும்பும், அதாவது விரலைவிடச் சற்று அகலமான ஓர் இலக்கு. அதை ஒரு குண்டால் அடிப்பதில்லை. ரவைக் கூட்டத்தால் மூடுகிறோம். கூட்டம் அடர்த்தியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு ரவைக்கும் எலும்பை உடைக்கும் கனமும் வேண்டும். ஈயத்தில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். நான்காம் எண் ரவை கனமானது, ஆனால் ஒரு அவுன்ஸில் 135தான் இருக்கும். ஆறாம் எண் எடுத்தால் 225 கிடைக்கும், ஒவ்வொன்றும் இளைத்திருக்கும். இரண்டையும் கூட்ட வேண்டுமானால் தோட்டாவை நீட்ட வேண்டும். 1988இல் மூன்றரை அங்குலத் தோட்டாவும் அதற்கென்றே மாஸ்பெர்க் 835 துப்பாக்கியும் வந்தது இப்படித்தான். அதை ஒரு முறை சுட்டவர்களுக்குத் தோள் சொல்லும். அடுத்த முறை விசையை அழுத்துமுன்பே உடம்பு தானாகச் சுருங்கும். விரலகல இலக்கில் அந்தச் சுருக்கமே தப்புக்குப் போதும்.

டங்ஸ்டன் ரவை வந்து இந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராம்; இது 18. சில ஆண்டுகள் வீட்டிலேயே தோட்டா அடைப்பவர்களின் ரகசியமாக இருந்துவிட்டு, ஃபெடரல் போன்ற பெரிய நிறுவனம் 2018இல் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்ததும் எல்லாக் கடைக்கும் வந்துவிட்டது. இதில் ஒன்பதாம் எண் ரவை இரண்டு மில்லிமீட்டர், ஒரு பெரிய கடுகு அவ்வளவுதான். ஆனால் ஐந்தாம் எண் ஈய ரவை துளைக்கிற ஆழத்துக்கு ஏறத்தாழ இதுவும் துளைக்கும். ஒரு அவுன்ஸில் 360க்கு மேல் இருக்கும். இப்போது கணக்கைப் பாருங்கள். பெரியவரின் 12 கேஜில் இரண்டு அவுன்ஸ் ஐந்தாம் எண் ஈயம் போட்டால் 340 ரவை. 20 கேஜில் ஒன்றரை அவுன்ஸ் டங்ஸ்டன் போட்டால் 540. பள்ளிப் பையன்கள் அணில் சுடப் பழகும் .410இல்கூட, முக்கால் அவுன்ஸுக்குக் கொஞ்சம் மேலே போட்டு, 290 வந்துவிடுகிறது.

விலைதான் மூச்சை அடைக்கும். ஒரு தோட்டா பத்து டாலருக்கு மேல். ஆனால் வருடத்துக்கு இரண்டு பறவை சுடுகிறவனுக்கு எத்தனை தோட்டா வேண்டும்?

ஆகவே என் கட்சி 20 கேஜ். சுமக்க எளிது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, ஓசார்க் மேடுகளில் அதுவும் லேசான விஷயமில்லை என்றாலும். எடை குறைந்த துப்பாக்கி முழங்கால் மேல் பத்து நிமிடம் நடுங்காமல் நிற்கும். இருபத்தெட்டு அங்குலக் குழல் வேண்டியதில்லை. இருபத்திரண்டு, இருபத்து நான்கு போதும். இன்றைய வெடிமருந்துக்குக் குட்டைக் குழலால் பெரிய நட்டம் இல்லை. புதருக்குள் உட்கார்ந்து துப்பாக்கியை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தும்போது நீளக் குழலின் நுனி ஒரு கிளையைத் தொட்டு அசைக்கும். அந்தக் கிளையின் இலையைச் சேவல் பார்க்கும். அடிக்கட்டை நீளமும் அப்படித்தான். நின்று சுடும்போது பொருந்துகிற கட்டை, முழங்காலை மடக்கி உட்கார்ந்ததும் நீளமாகிவிடும், ஏனென்றால் தோள் முன்னே வந்துவிடுகிறது. கடைகளில் 'இளையோருக்கு' என்று விற்கிற குட்டைக் கட்டைத் துப்பாக்கிகள் வளர்ந்த ஆளுக்கும் இந்த வேட்டைக்குப் பொருந்துவது இதனால்தான். வாங்க வெட்கப்படுகிறவர்கள் பலர். வான்கோழிக்கு அது தெரியாது.

டங்ஸ்டன் தீர்த்துவைத்தது ஒரு சண்டை, கொண்டுவந்தது ஒரு சபலம். அறுபது, எழுபது கஜத்தில் சுட்டேன் என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தாளில் அது நடக்கும். காட்டில் தூரம் ஏமாற்றும்: வெட்டவெளிப் புல்வெளியில் ஐம்பது கஜம் முப்பதாகத் தெரியும், மரங்களுக்கிடையே முப்பது ஐம்பதாகத் தெரியும். ரவைக் கூட்டத்தில் தூரம் கூடக் கூட ஓட்டைகள் விழும். விரலகலக் கழுத்து அந்த ஓட்டைக்குள் நிற்கலாம். அதைவிட எனக்கு இருக்கும் மறுப்பு வேறு. சேவலை அழைத்து அழைத்து முப்பது கஜத்துக்குள் கொண்டுவருவதுதான் இந்த வேட்டை. எழுபது கஜத்தில் சுடுவதற்கு விடியுமுன் எழுந்து உண்ணிக்கடி வாங்குவானேன்? நாற்பது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்ததும் நாற்பதில் உள்ள மரம் எது, கல் எது என்று தொலைவுமானியில் பார்த்துவைத்துவிட்டால், பிறகு சேவல் வரும்போது அதைத் தொட வேண்டியதில்லை. கையசைவு ஒன்று மிச்சம்.

சோக் பற்றி எழுத ஆரம்பித்தால் பத்திரிகை தாங்காது. குழல் நுனியில் திருகும் சிறு குழாய். உள்விட்டத்தைச் சுருக்கி ரவைக் கூட்டத்தை இறுக்கிப் பிடித்து அனுப்பும். வான்கோழிக்கென்றே விற்கும் சோக்குகள் பயங்கரமாக இறுக்கும். நாற்பது கஜத்தில் பத்து அங்குல வட்டத்துக்குள் நூறு ரவை விழ வேண்டும் என்பது ஈயக்காலத்து அளவுகோல். டங்ஸ்டனும் இறுக்கமான சோக்கும் சேர்ந்தால் இருநூறைத் தாண்டும், தாளைப் பார்த்துப் பூரித்துப்போவார்கள். அதே துப்பாக்கியைப் பத்து கஜத்தில் சுட்டுப் பாருங்கள் என்று சொன்னால் யாரும் செய்வதில்லை. அங்கே அந்தக் கூட்டம் விரியவே இல்லை, இரண்டு மூன்று அங்குல ஓட்டை ஒன்றுதான். ஆசையோடு ஓடிவருகிற சேவல், பெரும்பாலும் நாம் எதிர்பார்த்ததைவிட அருகில்தான் வந்து நிற்கும். தலையை முன்னும் பின்னும் ஆட்டி நடக்கிற பறவையை, பன்னிரண்டு கஜத்தில், இரண்டங்குலக் கூட்டத்தால் அடிப்பதும் ரைஃபிளால் அடிப்பதும் ஒன்றுதான். கைதேர்ந்தவர்களுக்குத் தப்பிய சேவல்களில் பாதி தூரத்தால் தப்பியவை அல்ல. எனவே தாளில் அழகாக இருக்கிற சோக்கைவிட ஒரு படி தளர்ந்ததைத்தான் நான் போடுகிறேன். நாற்பதில் கொஞ்சம் இழந்தாலும் பதினைந்தில் திரும்பக் கிடைக்கிறது.

தாளில் சுட்டுப் பார்ப்பதையும் ஆளாளுக்கு ஒரு முறையில் செய்கிறார்கள். குறி சரிசெய்ய விலை மலிந்த தோட்டாவை மேசையில் ஊன்றிச் சுட்டால் போதும். கடைசியில் டங்ஸ்டன் ஒன்றிரண்டு, அதையும் மேசையிலிருந்து சுடாமல், தரையில் உட்கார்ந்து மரத்தில் சாய்ந்து, காட்டில் போடுகிற கையுறையும் முகமூடியும் போட்டுச் சுட வேண்டும். முகமூடித் துணி கன்னத்துக்கும் கட்டைக்கும் இடையில் மடிந்து கண்ணை உயர்த்திவிடுவது அப்போதுதான் தெரியும்.

கன்னம் உயர்வதுதான் இந்த வேட்டையில் பெரிய எதிரி. குழல் நுனியில் வெறும் மணி மட்டும் இருக்கிற பழைய துப்பாக்கியில், சேவலை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று தலையை ஒரு நூல் தூக்கினால் ரவை அதன் தலைக்கு மேலே போய்விடும். சிவப்புப் புள்ளிக் குறி இதற்கு மருந்து. கண் கொஞ்சம் விலகினாலும் புள்ளி எங்கே நிற்கிறதோ ரவை அங்கே போகும். இடது பக்கம் மட்டுமே திரும்ப முடிகிற வலதுகைக்காரனுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. சேவல் வலது பக்கமாகச் சுற்றிவந்துவிட்டால் துப்பாக்கியை மெல்ல இடது தோளுக்கு மாற்றிக்கொள்ளலாம். பழக்கமில்லாத கண்ணிலும் புள்ளி ஒன்றுதான். உட்காரும்போதே இடது தோளைச் சேவல் வரும் திசைக்குக் காட்டி உட்கார்ந்தால் மாற்ற வேண்டியே வராது என்பது வேறு. புள்ளிக்குப் பேட்டரி வேண்டும், விடியல் பனி கண்ணாடியில் படியும். பெரியவர் இதைக் காட்டிச் சிரிப்பார், சிரிக்கட்டும்.

பம்பா, தானியங்கியா, ஒற்றைத் தோட்டாவா? இதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. பம்பில் இரண்டாவது தோட்டாவுக்குக் கை ஒரு முறை முன்னும் பின்னும் போக வேண்டும். ஆனால் முதலாவது வெடித்தபின் அசைவைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள். தானியங்கியில் ஒரு வகை உண்டு, பின்னுதைப்பின் நிலைமத்தாலேயே இயங்குவது. விடியுமுன் சத்தம் போடக்கூடாதென்று அதன் போல்ட்டைக் கையால் மெல்ல விட்டால் அது முழுதாகப் பூட்டிக்கொள்ளாமல் நிற்கும். சேவல் வந்து நிற்கும்போது விசையை அழுத்தினால் டிக்கென்று ஒரு சத்தம் மட்டும் வரும். அந்த வகை வைத்திருப்பவர்கள் தயங்காமல் டமாரென்று மூட வேண்டும், சேவல் உறங்கும் மரத்துக்கு வெகுதூரம் முன்பே. ஒற்றைத் தோட்டா மடக்குத் துப்பாக்கி மலிவு, லேசு, அமைதி. வண்ணம் எதுவானாலும் பளபளப்பு கூடாது. மெருகேற்றிய மரமும் நீலமடித்த இரும்பும் பார்க்க எவ்வளவு அழகானாலும் காலை வெயிலில் மின்னும். துணி நாடா ஒட்டி மறைத்துவிடலாம், பிறகு உரித்துக்கொள்ளலாம்.

வில் வேறு உலகம். துப்பாக்கிக்காரன் கடைசி நொடியில் செய்ய வேண்டியது விரலை மடக்குவது மட்டும். வில்காரன் நாணைக் காதுவரை இழுக்க வேண்டும், அதுவும் பறவை இருபது கஜத்துக்குள் நிற்கும்போது. வேட்டையின் மிகப் பெரிய அசைவு, மிக மோசமான நேரத்தில். இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் வில்லின் எல்லாத் தேர்வுகளும் அமைகின்றன.

காம்பவுண்ட் வில் இதில் பாதியைத் தீர்த்தது. அதைக் கண்டுபிடித்தவர் இந்த மாநிலத்துக்காரர், ஹோலஸ் வில்பர் ஆலன். 1966இல் காப்புரிமைக்கு மனு, 1969இல் கிடைத்தது. வில்லின் இரு நுனியிலும் மையம் விலகிய சக்கரங்கள். நாணை இழுக்க இழுக்கக் கனம் ஏறி, முழுதாக இழுத்ததும் சட்டென்று இறங்கிவிடும். ஐம்பது பவுண்டு வில்லை முழுதாக இழுத்தபின் கையில் நிற்பது பத்துப் பவுண்டுதான். அதாவது சேவல் பார்க்காத ஒரு கணத்தில் இழுத்துவிட்டு, அது சரியாகத் திரும்பும்வரை பிடித்திருக்கலாம். பழைய வளைவில்லில் இதற்கு வழியில்லை. இழுத்தால் விட்டாக வேண்டும். வளைவில்லோடு வான்கோழிக்குப் போகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, பொறாமை இல்லை.

மானுக்கு அறுபது, எழுபது பவுண்டில் வைத்திருக்கும் வில்லை அப்படியே வான்கோழிக்கு எடுத்துவருகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தக் கனத்தை முக்காலியில் உட்கார்ந்து இழுக்கும்போது கை வானத்தை நோக்கி உயர்ந்து, பிறகு இறங்கிவரும். வான்கோழிக்கு நாற்பத்தைந்து பவுண்டே தாராளம். வில்லைச் சேவலுக்கு நேராக நீட்டி வைத்துக்கொண்டு, முழங்கை மட்டும் பின்னே போகிற மாதிரி மெதுவாக இழுக்க முடிகிற கனம்தான் உங்கள் கனம். வில்லின் நீளமும் குறைவாக இருக்கட்டும். கீழ்நுனி முக்காலியிலோ தொடையிலோ இடிக்கக் கூடாது.

மீதிப் பாதியைத் தீர்ப்பது மறைப்புக் கூடாரம். புல்வெளி நடுவில் நேற்றுவரை இல்லாத ஒரு துணிக்கூடு இன்று முளைத்திருந்தால் மான் பல நாள் அந்தப் பக்கமே வராது. வான்கோழி அதைக் கண்டுகொள்வதே இல்லை. இவ்வளவு கூர்மையான கண் இவ்வளவு பெரிய பொருளை ஏன் விட்டுவிடுகிறது? அது அசைவதில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். பின்பக்கச் சன்னல்களை மூடிவிட வேண்டும், கறுப்புச் சட்டை போட வேண்டும். இலை வண்ண உடுப்பு உள்ளே வெளிறித் தெரியும். கூடாரத்துக்கு வெளியே, மரத்தடியில் உட்கார்ந்து வில்லால் வான்கோழி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இழுக்கிற கணம் ஒன்று உண்டு: சேவல் விசிறியை விரித்தபடி முதுகைக் காட்டித் திரும்பும்போது அதன் தலையை அதன் வாலே மறைத்துவிடும். இரண்டு மூன்று நொடி. அதற்காகவே, சேவலை ஈர்க்கும் வான்கோழிப் பொம்மைகளை வைக்கும் முறை இருக்கிறது. இளஞ்சேவல் பொம்மையின் முகம் நம்மைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கிழச்சேவல் சண்டைக்கு வரும்போது அதன் முகத்துக்கு நேரே போய் நிற்கும், முதுகு நமக்கு.

அம்பு எங்கே பட வேண்டும் என்பதில் மான்காரர்கள் ஏமாந்துபோவார்கள். விசிறி விரித்த சேவல் பார்வைக்கு ஒரு பீப்பாய் அளவு. அதில் உயிர்நிலை ஓர் ஆரஞ்சுப் பழ அளவுதான், அதுவும் நெஞ்சில் இல்லை, இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால் மேலே. முதுகைக் காட்டினால் வால் முளைக்கும் அடி. தாழ்வாகப் பட்டால் நெஞ்சுத் தசையைத் துளைத்துக்கொண்டு போகும், பறவை பறந்துவிடும். இறகு இரத்தத்தை உறிஞ்சிவிடுவதால் மானைத் தேடுவதுபோல் சொட்டுப் பார்த்துத் தேட முடியாது. இதற்காகத்தான் பட்டதும் விரியும் இரண்டங்குல அலகு முனைகளை விரும்புகிறார்கள். கழுத்தையே வெட்டுகிற பெரிய அலகு முனைகளும் விற்கின்றன. பட்டால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், தவறினால் முழுதாகத் தவறும். காயப்படுத்தும் நடுவழி குறைவு. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும், ஆனால் அவை நேராகப் பறக்க வைப்பதற்குத் தனி அம்பு, தனிச் சீரமைப்பு வேண்டும், அப்போதும் இருபது கஜத்துக்கு மேல் நம்ப முடியாது. வில்லில் என் கோடு இருபது. உள்ளதைச் சொன்னால் பதினைந்து.

குறுக்குவில் இங்கே சட்டப்படி செல்லும். முன்கூட்டியே இழுத்துப் பூட்டிவைப்பதால் அந்தப் பெரிய அசைவு இல்லை. ஆனால் வில்லின் குட்டைத் தூரமும் சிறு உயிர்நிலையும் அப்படியே இருக்கின்றன. தோள் போனவர்களுக்கு நல்லது. மற்றவர்களுக்கு, துப்பாக்கியின் கனமும் வில்லின் தூரமும் சேர்ந்த ஒரு பொருள் எதற்கு என்று தோன்றுகிறது. இதில் என்னோடு சண்டை போட ஆட்கள் உண்டு.

சமையலுக்கும் இதில் பங்கு இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. தலையில் சுட்ட பறவையின் நெஞ்சுக்கறியில் ஒரு ரவைகூட இருக்காது. அம்பு பட்டதில் கொஞ்சம் போகும். கால் கறி எப்படி எடுத்தாலும் ஒன்றுதான்: மலையேறித் திரிந்த தசை, குக்கரில் மிளகும் சோம்பும் வறுத்தரைத்துப் போட்டு நெடுநேரம் வேகவைத்தால்தான் நாருநாராகப் பிரியும். காலைத் தூக்கி எறிகிற வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்வேன்.

போன ஆண்டு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மதுரைத் தம்பி ஒருவன், "அண்ணா, ஒரே ஒரு துப்பாக்கி வாங்கறதுன்னா எதை வாங்கலாம்?" என்று கேட்டான். மாதிரிப் பெயரும் எண்ணும் எழுதிக்கொள்ளத் தயாராகப் போனில் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தான்.

"கடையில எல்லாரும் துப்பாக்கியை நின்னுக்கிட்டே தோள்ல வச்சுப் பாப்பாங்க. நீ சுவரோரமா தரையில உக்காரு" என்றேன். "முதுகைச் சுவத்துல சாய்ச்சு, முழங்காலை மடக்கி, துப்பாக்கியை அதுமேல வச்சு, கன்னத்தைக் கட்டையில ஒட்டிக்க. அஞ்சு நிமிஷம். கை நடுங்கினா அடுத்ததைக் கேளு."

"கடைக்காரர் ஒரு மாதிரி பாக்க மாட்டாரா?"

"இந்த ஊர்க் கடைக்காரர்னா அவரும் பக்கத்துல உக்காந்துடுவாரு."

20 கேஜ், இருபத்திரண்டு அங்குலக் குழல், குட்டைக் கட்டை, மேலே சிவப்புப் புள்ளி. அதைத்தான் எடுத்துவந்தான். வில் பற்றி இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறான். முதலில் ஒரு வசந்தம் மரத்தடியில் உட்காரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.